இரும்புக்கு என்ன அவசரம், பேராண்டி?

வாங்க எஞ்சினியர் தொரை! பேராதனையில படிச்சிட்டு வந்து, நம்ம தேயிலை ஸ்டோரு அடுப்பையே லாப்டாப்புக்குள்ள ஏத்திட்டீங்களாமே. விடிய விடிய ஓடியும் இரும்புக் குழாய் அரை டிகிரிகூடச் சூடேறலையாம். அட்டன் குளிரு கம்ப்யூட்டருக்குள்ளயும் புகுந்திருச்சு போல. 1867ல லூல்கந்துரவில தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் தொரை, கரி அடுப்புல கொழுந்தைக் காய வச்சாரு. லாப்டாப் இல்லாத காலம், கொடுத்து வச்ச மனுசன்.

சரி, நேர அடி எவ்வளவு வச்சே? ஒரு மில்லி செக்கனா? குழாயைச் சுத்தி ஓடுற காத்துக்கு அது சரிதான். செக்கனுக்கு 2 மீட்டர் போற காத்து, உன்னோட 2 மில்லிமீட்டர் கட்டத்தை அந்த நேரத்துலதான் தாண்டும். அடியை இன்னும் நீட்டினா கட்டம் கட்டமாத் தாவும், கணக்கு பிசகிரும். ஆனா அந்த வார்ப்பிரும்பு? ஒரு கன மீட்டர் காத்தை ஒரு டிகிரி ஏத்த 1.2 கிலோஜூல் போதும். இரும்புக்கு அதைப் போல சுமார் 3000 மடங்கு வேணும். முழிக்காதே, உன் கொப்பியைத்தான் எட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் விறகு எரியறதைக் காட்ட உனக்கு 36 லட்சம் அடி வேணும். அதுக்குள்ள எங்க சம்பளப் பேச்சுவார்த்தையே முடிஞ்சிரும்னா பாரேன்! கன்னுக்குட்டியையும் கிழ மாட்டையும் ஒரே நுகத்துல பூட்டிட்டு, வண்டி நகரலைன்னு அழுவுறியே.

கடைசியா நிலைச்சு நிக்கிற சூடு மட்டும் போதும்னா, இரும்புக்கு மட்டும் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு நீளமா அடி வையி. வந்து சேர்ந்த பிறகு வழியை யாரு கேக்கப் போறா?

ஆனா மூட்டின அடுப்பு எப்பச் சூடு பிடிக்கும்னு சொல்லணும்னா, அந்தத் தில்லுமுல்லு செல்லாது. காத்தைத் தள்ளுற விசிறி ஒரே வேகத்துல சுத்துறப்ப காத்தோட்டம் பெருசா மாறாது. அதை அப்படியே மாறாம வச்சிட்டு, சூட்டை மட்டும் இம்ப்ளிசிட் முறையில அரை நிமிசம் அரை நிமிசமா நகத்து. சூடேறக் காத்து லேசாகும்ல, அதனால அப்பப்ப ஓட்டத்தையும் திரும்பக் கணக்குப் பண்ணிக்க. விறகு தள்ளக் கதவைத் திறக்குறப்ப சூடு சட்டுன்னு குதிக்கும்; அங்க மட்டும் அடியைச் சுருக்கு. எல்லாம் முடிஞ்சதும் அடியைப் பாதியாக்கி இன்னொரு தரம் ஓட்டு. விடை பெருசா மாறுனா, நீ இன்னும் எஞ்சினியர் ஆகல.

நாளைக்கு அடுப்பு மூட்டுற நேரத்துக்கு ஸ்டோருக்கு வா. ட்ரையர் வாயில தெர்மாமீட்டர் இருக்கு. காத்து 90 டிகிரியைத் தொடுற வரைக்கும் நேரத்தையும் சூட்டையும் எழுதி, உன் லாப்டாப் வரைஞ்ச கோட்டோட ஒத்துப் பாரு. டீமேக்கர் ஐயாகிட்ட முதல்லயே சொல்லிரு. இல்லாட்டி, பட்டம் வாங்கினவன்னுகூடப் பார்க்காம கேட்டுலயே நிறுத்திருவாங்க.