செண்பகத்தோப்பு மேஜர்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில், விடிவதற்கு முன்னால், டீக்கடை பெஞ்சில் ஒரு புதர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் பயந்துவிடாதீர்கள். அது மேஜர். தலையில் இலை போட்ட தொப்பி. உடம்பில் இலை போட்ட சட்டை. பக்கத்துக்கு நாலு பாக்கெட் வைத்த, இலை போட்ட பேன்ட். மடியில் கிடக்கும் கேமராவின் நீளக் குழலுக்கும் மிச்சத் துணியில் உறை தைத்து மாட்டியிருப்பார். கையில் இருக்கும் டீ கிளாஸ் ஒன்றுதான் மாறுவேடம் போடாமல் இருக்கும்.

யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகவே வாங்கிய உடுப்பு அது. பஞ்சு மார்க்கெட்டில் அவரைப் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை.

மேஜர் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. இந்த இலைச்சட்டை இனத்தில் எங்கள் பக்கம் நூல் கமிஷன் ஏஜெண்ட் உண்டு, பல் டாக்டர் உண்டு, விருப்ப ஓய்வு வாங்கிய பேங்க் மேனேஜரும் உண்டு. உடுப்பைப் பார்த்து ஊர் எல்லோருக்கும் ஒரே பதவியைத்தான் கொடுத்திருக்கிறது. பதவியால் வரும் இடைஞ்சலும் எல்லோருக்கும் ஒன்றுதான். பெஞ்சில் யாராவது நைசாக நகர்ந்து வந்து, "அண்ணாச்சி, கேன்டீன் சரக்கு ரெண்டு பாட்டில் கெடைக்குமா? சம்பந்தகாரவுக வாராக" என்று காதைக் கடிப்பார்கள். இல்லை என்று சொன்னால், தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறான் என்ற பழி.

இத்தனைக்கும் அவர் போட்டிருப்பது ராணுவத் துணியே இல்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்ட பிறகு, ராணுவ உடுப்பைப் போன்ற துணிகளைப் பொதுமக்கள் உடுத்த வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. மேஜர் சட்டத்துக்குப் பயந்தவர். அன்றிலிருந்து அமெரிக்க வேட்டைக்காரர்கள் போடும் துணிக்கு மாறிவிட்டார். அங்கே வேட்டைக்கென்றே மரப்பட்டையையும் இலையையும் அச்சடித்த துணிகள் 1980-களில் வந்தன. ட்ரீபார்க், ரியல்ட்ரீ, மோஸி ஓக் என்று அவர் பெயர்களைச் சொல்லும்போது, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லும் குரல் வந்துவிடும்.

அதில்தான் வம்பு. அவர் மார்பில் இருப்பது அமெரிக்க ஓக் மரத்து இலை. அவர் படம் எடுக்கப் போகும் மலையடிவாரச் செண்பகத்தோப்பில் மா இருக்கிறது, புளி இருக்கிறது, தென்னை இருக்கிறது. ஓக் கிடையாது. நேற்று வரை மாமரங்கள் மட்டும் நின்ற தோப்பில் திடீரென்று ஓர் ஓக் மரம், அதுவும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றால், மேலே இருக்கும் அணில் என்ன நினைக்கும்?

அணில் என்றால் மூன்று கோடு போட்ட வீட்டு அணில் இல்லை. சாம்பல் நிற மலை அணில். நீண்ட வாலை வைத்துக்கொண்டு உச்சிக் கிளைகளிலேயே குடித்தனம் நடத்தும் பெரிய அணில். அதற்காகவே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைச் சரணாலயமாக்கினார்கள். 2021-இல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். இந்த அணிலின் கண்ணுக்குத் தப்புவதுதான் மேஜரின் வாழ்நாள் லட்சியம். சுடுவதற்கு இல்லை, படம் எடுப்பதற்கு. 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக் கதைகள் எல்லாம் தாத்தாக்களோடு போய்விட்டன. துப்பாக்கி போன இடத்தில் கேமரா வந்தது. உடுப்பு மட்டும் இன்னும் வேட்டையை விடவில்லை.

அந்தத் தாத்தாக்கள் எதை உடுத்திக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள் என்று மேஜரிடம் கேட்கக் கூடாது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு போனார்கள். கூட யார் போனது? ராஜபாளையம் நாய். காட்டுப்பன்றியை மடக்குவதற்கென்றே பேர் வாங்கிய ஜாதி. 2005-இல் தபால்தலையில் ஏறிய ஜாதி. அதன் நிறம் வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். இருட்டில்கூட இது நாய் என்று தெரியும். ஊரின் மிகச் சிறந்த வேட்டைக்காரர் அரை மைல் தூரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற வெள்ளை வெளேர் ஆசாமி. அப்படிப்பட்ட ஊரில் ஆயிரக்கணக்கில் செலவழித்து இலைச்சட்டை வாங்கியவர் மேஜர்.

பக்கத்து ஊர் பிறந்ததே ஒரு வேட்டையில்தான். வில்லி, கண்டன் என்று வேடர் குலத்து அண்ணன் தம்பி. வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட்டது. தம்பியைத் தேடி அலைந்து களைத்துத் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வந்தார். அவர் சொல்லி வில்லி காட்டைத் திருத்திக் கட்டிய ஊர்தான் வில்லிபுத்தூர் என்கிறது தலபுராணம். கண்டன் என்ன உடுத்தியிருந்தான் என்று தலபுராணம் சொல்லவில்லை. "அதத்தான் எழுதிருக்கணும்" என்பது மேஜரின் வருத்தம்.

உடுப்பு வாங்குவதில் அவருக்கு மூன்று கொள்கைகள். கண்ணுக்குத் தெரியக் கூடாது, காதுக்குக் கேட்கக் கூடாது, மழைக்கு நனையக் கூடாது. முதலாவது ஓக் மரத்தில் முடிந்தது. இரண்டாவதுதான் ஜவுளிக்கடைகளைக் கலங்கடிக்கிறது.

எங்கள் ஊர் பஞ்சாலை ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூல் நம்பர் பேசாத வீடு இல்லை. துணியை விரலால் நெருடி, இது நாற்பதா அறுபதா என்று சொல்லும் பெரியவர்கள் எத்தனையோ பேர். அதனால் கவுண்டரில் துணியை நெருடினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மேஜர் துணியைக் காதில் வைத்து நெருடுவார். கண்ணை மூடிக்கொள்வார். மறுபடி நெருடுவார். கடைப் பையன் சற்று நேரம் பொறுமையாக நின்றுவிட்டு, "என்ன அண்ணாச்சி, துணி ஏதும் சொல்லுதா?" என்பான்.

"கத்துதுடா தம்பி."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெருக்கமாக நெய்து மேலே பூச்சுப் போட்ட நைலான், கையை ஆட்டும்போதெல்லாம் சரக் சரக் என்று பேசும். காட்டில் அந்தச் சத்தம் நெடுந்தூரம் போகும். மேல்பரப்பில் ரோமம் எழுப்பிய துணி, அதாவது கம்பளியோ ஃப்ளீஸோ, ஒன்றோடொன்று உரசினாலும் சத்தம் வராது. பருத்தியும் அமைதியான பிறவிதான். ஆனால் ஒரு மழை நனைந்தால் தண்ணீரைக் குடித்துக்குடித்து உடம்பிலேயே தொங்கும், லேசில் காயாது. உலகத்திலேயே சத்தம் போடாத துணி எது என்று என்னைக் கேட்டால், பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியைத்தான் சொல்வேன். அதைச் சுற்றிக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போனால் அணில் ஓடாது. ஆனால் ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

சத்தமில்லாத ஃப்ளீஸ் சட்டை வந்து சேர்ந்தது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்ட மாதிரி என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் கழற்ற மாட்டார். சத்தமில்லாமல் வேர்க்கிறார்.

அதிலும் ஒரு துரோகி ஒளிந்திருந்தான். பாக்கெட்டுகளில் வெல்க்ரோ. மூச்சை அடக்கி ஒன்றரை மணி நேரம் நின்று, புளியமரக் கிளையில் அணில் தலையை நீட்டிய நேரத்தில் மெமரி கார்டு எடுக்கப் பாக்கெட்டைத் திறந்தார். பர்ர்ர்ர்ர். அணில் மட்டுமல்ல, தோப்பில் மேய்ந்த ஆடும் திரும்பிப் பார்த்தது. இந்த வெல்க்ரோவும் வேட்டை தந்த வரம்தான் என்பது ஒரு வேடிக்கை. 1941-இல் சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் நாயோடு மலையில் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, நாயின் ரோமத்திலும் தன் துணியிலும் ஒட்டிய முள்காய்களை ஆராய்ந்து கண்டுபிடித்தது. நம் தாத்தாக்களின் நாய்கள் மேலும் நாயுருவி ஒட்டாத நாள் இல்லை. அவர்கள் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். காட்டு அணில்கள் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது கொள்கைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மலையில் இறங்கினால் அய்யனார் கோவில் ஆறு சொல்லாமல் கொள்ளாமல் பெருகும். அதற்காக வாங்கியது கோர்டெக்ஸ் கோட்டு. 1969-இல் பாப் கோர் என்பவர், தோசை ஒட்டாத தவாவில் பூசுகிறார்களே அதே வகைச் சரக்கை வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததில் பிறந்த துணி. கண்ணுக்குத் தெரியாத துளைகள். மழைத்துளி உள்ளே வராது, வேர்வை ஆவியாகி வெளியே போகும். ஆனால் உள்ளே இருக்கும் காற்றைவிட வெளிக்காற்று உலர்ந்திருந்தால்தான் ஆவி வெளியே போகும். கார்த்திகை மாதத்துச் செண்பகத்தோப்பில் வெளியிலும் ஈரம். ஆக, மேஜர் மழையில் நனையவில்லை. வேர்வையில் நனைந்தார். அவர் மனைவிக்குத் தவா விஷயம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. "தோசக்கல்லு எண்ணூறு ரூவாய்க்கு வாங்கித் தாங்கன்னேன். இவுக பதினெட்டாயிரத்துக்கு வாங்கி மேல போட்டுக்கிட்டாக."

அந்த அம்மாள் ஒரு துவைப்பு நிபுணர். முதல் தடவை அந்த இலைச்சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, "இந்தக் கறை போகவே மாட்டேங்குதுங்க" என்று கவலைப்பட்டார். அப்புறம் விலை கூடிய பவுடரில் ஊறப்போட்டார். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் பவுடர்களில் ஒளியூட்டும் ரசாயனம் இருக்கிறது. புற ஊதாக்கதிர் பட்டால் அது நீலமாக மினுங்கும். நம் கண் அந்தக் கதிரை உள்ளே விடாமல் வடிகட்டிவிடுகிறது, மானின் கண்ணில் அந்த வடிகட்டி அவ்வளவு கெட்டி இல்லை. பறவைகளிலும் பலவற்றுக்கு அது தெரியும். மேஜர் இலையாக நிற்கிறோம் என்று நினைத்த நேரமெல்லாம் சீரியல் செட் போட்ட பந்தலாக நின்றிருக்கிறார்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. மானின் கண்ணுக்கு ஆரஞ்சையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராது. அதனால்தான் ஆரஞ்சு நிறப் புலி புல்லுக்குள் பதுங்கிப் பிழைக்கிறது. அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் வேட்டைக்காரர் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும் என்பது சட்டம். மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும், மானுக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தால், அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிற காவி வேட்டிச் சாமியார்தான் இந்தக் காப்பகத்திலேயே நன்றாக ஒளிந்து நடமாடும் மனிதர். மேஜர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காவியில வாட்டர்ப்ரூஃப் வருதா?" என்றார்.

காட்டில் அவரைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அனுமதி உள்ள பாதையிலேயே, மரத்தோடு மரமாக நின்றவரைத் தோளில் தட்டினார்கள்.

"யாருங்க நீங்க? எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"அணிலுக்குத் தெரியாம இருக்கணும்ல."

"தப்புப் பண்றவன்தான் சார் இப்படி டிரெஸ் போட்டு வருவான். எங்களுக்குத் தெரியிற மாதிரி வாங்க."

காவலர்கள் உலாவியது வெளிறிய காக்கியில். பத்தடி தள்ளி, தோப்புக் காவல்காரர் சிவப்புத் துண்டை விரித்துப் படுத்து, செல்போனில் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலேயே அணில் புளியம்பழம் கடித்துத் தோலைக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அவரைப் பழக்கம். தினமும் அதே துண்டு, அதே பாட்டு. மேஜர்தான் வாராவாரம் ஒரு புது மரமாக வருகிறார்.

உண்மையான இலையிலேயே உடுப்புச் செய்துவிட்டால் என்ன என்று அடுத்த யோசனை. ஸ்காட்லாந்து வேட்டைத்தோட்டக் காவலர்கள் உடுப்பில் இலைதழையைச் செருகிக்கொள்வார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தையல்காரரிடம் விசாரித்தார். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டபடி யோசித்து, "எல உருப்படின்னா ஆண்டாள் கிளி கட்டுறவுகளத்தான் கேக்கணும்" என்றார். தப்பில்லை. மரவள்ளி இலையில் உடம்பும் மாதுளம்பூவில் அலகும் வைத்து, ஆண்டாள் கையில் வைக்கத் தினம் ஒரு புதுக் கிளி அந்த ஊரில் செய்கிறார்கள். இலைவேலையில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. "ஆனா அண்ணாச்சி, ஒரு நாளைக்குத்தான் தாங்கும். ஒங்க சைசுக்கு ஒரு தோட்டத்து மரவள்ளி வேணும்."

யோசனை கைவிடப்பட்டது. மேஜர் பழையபடி சத்தமில்லாத ஃப்ளீஸுக்கே திரும்பினார். அந்தத் துணியில் ஒரு குணம், எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும். வீட்டில் அவருக்கு ஒரு ராஜபாளையம் நாய். விடிகாலையில் கிளம்பும்போது மேலே விழுந்து கொஞ்சி வழியனுப்பும். ஓக் இலைகள் முழுக்க வெள்ளை ரோமம். பஞ்சு மார்க்கெட் டீக்கடையில் பால் ஊற்றிக்கொண்டிருந்த பையன் கிளாஸை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தான்.

"என்ன மேஜர், ஜவுளிக்கட வாசல்ல வச்சிருந்த பஞ்சு மூட்டையில விழுந்துட்டீகளா?"

மேஜர் குனிந்து சட்டையைப் பார்த்தார். தட்டிவிடவில்லை.

"இது ஸ்னோ மாடல்டா. இமயமலைக்குப் போறவுக போடுறது. சர்க்கர கம்மியாப் போடு."