கேப்பில் கெடா வெட்டுவது எப்படி?

புது பைக் வாங்கினால் ஷோரூமில் சாவி தருவார்கள், இன்சூரன்ஸ் தாள் தருவார்கள், போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். கிண்டியில் காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே கிடைக்கும் இரண்டரை அடியில் புகுந்து வெளியே வருவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டீர்களே, அது எதற்கு என்று அன்று புரிந்திருக்காது. இனிமேல் புரியும்.

முதலில் சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை முழுதாகப் புரட்டினாலும், இரண்டு வண்டிகளுக்கு நடுவே பைக் புகுவது என்று பெயர் சொல்லி ஒரு குற்றம் அதில் இல்லை. இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள், மனத்துக்கு நல்லது. மேலே படித்தால் 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் எதிரே வரும். தடம் பிரித்துக் கோடு போட்ட சாலையில் தடத்துக்குள்தான் ஓட்ட வேண்டும், மாறுவதானால் சிக்னல் காட்டிவிட்டு மாற வேண்டும் என்கின்றன அவை. நீங்களோ இந்தத் தடத்திலும் இல்லை, அந்தத் தடத்திலும் இல்லை. கோட்டின் மேலேயே குடித்தனம் நடத்துகிறீர்கள். 177ஏ பிரிவின்படி 500 ரூபாயிலிருந்து 1000 வரை போகும். புகுந்த விதம் ஆபத்தானது என்று போலீஸ்காரருக்குப் பட்டால் 184ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்கு மாறாக முந்துவதும் அதன் கணக்கில் வருகிறது. முதல் தடவைக்கு 1000 முதல் 5000 வரை அபராதம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை உள்ளே தள்ளவும் இடமுண்டு.

பிடிபட்டால் ‘சார், கோடு எங்கே?’ என்று கேட்கலாம். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்த சாலைகளில் இது நியாயமான கேள்விதான். தகரத்துக்கும் கடைப்படிக்கும் நடுவே மிஞ்சிய இடத்தில் எது தடம், எது நடைபாதை என்று போட்டவர்களுக்கே தெரியாது. ஆனால் 184க்குக் கோடு தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். கேள்வியைச் சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

அடுத்த வாதம் டீக்கடையில் செல்லும்: ‘ஃபாரின்ல இதெல்லாம் லீகல் தெரியுமா?’ உண்மைதான். கலிபோர்னியாவில் 2016இல் சட்டம் போட்டு, 2017 ஜனவரியிலிருந்து அனுமதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 ஜூலையிலிருந்து அனுமதி உண்டு. சொல்லும்போது இங்கேயே நிறுத்திவிட வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பழகுநர் செய்யவே கூடாது, பள்ளிக்கூட நேரத்தில் அதன் அருகே கூடாது என்றெல்லாம் நீட்டினால் டீ ஆறிவிடும். அமெரிக்காவின் யூட்டாவில் சுற்றியிருக்கும் வண்டிகள் நின்றிருந்தால்தான் புகலாம். அதுவும் மணிக்கு 15 மைல், நம் கணக்கில் 24 கிலோமீட்டர். அங்கே அவர்கள் அனுமதித்திருப்பது ஊர்ந்து போவதை. நம் ஆளுக்கு அந்த வேகம் பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு போகும்போதுதான் வாய்க்கும்.

இனி செய்முறை. சைடு கண்ணாடி இரண்டையும் கழற்றி வீட்டுப் பரணில் போடுங்கள். ஹேண்டில்பாரின் அகலம் குறையும். பின்னால் என்ன வருகிறது என்ற கவலையும் குறையும். அம்மாவை ஒருபக்கமாக உட்காரவைத்து ஓட்டுகிறவர்கள் கவனிக்க: வண்டியின் அகலம் ஹேண்டில்பாரோடு முடிவதில்லை, அம்மாவின் முழங்காலோடு முடிகிறது. கார் பம்பரில் முதலில் படுவது அதுதான். அதன் பிறகு வீடு வரும்வரை வேறு சத்தம் எதுவும் காதில் விழாது.

பஸ் விஷயம் தனி. பஸ்ஸின் இடப்பக்கச் சந்து எப்போதும் அழகாகக் காலியாக இருக்கும். ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிப்பவர்கள் இந்த வித்தைக்கு லாயக்கில்லை. ஸ்டாப்புக்கு முப்பது அடி முன்பே, பஸ் நிற்பதற்குள், ஒருவர் பையோடு குதிப்பார். அவருக்காகவே அந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. குதிக்க ஆளில்லாவிட்டால் பஸ்ஸே ஓரம் கட்டும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஆட்டோ அவ்வளவு மோசமில்லை. டிரைவரின் கால் எந்தப் பக்கம் வெளியே நீள்கிறதோ அதுதான் இன்டிகேட்டர். சமயத்தில் அவர் வெறுமனே காலாற நீட்டியிருப்பார். அந்த வித்தியாசம் பழகப் பழகத்தான் தெரியும்.

விழுந்தால் கணக்கு வேறு. கோவையில் 2017இல், முன்னால் போன கார் திடீரென்று நின்றதால் அதில் இடித்து விழுந்த கல்லூரி மாணவரின் கால்மேல் பின்னால் வந்த பஸ் ஏறியது. உச்ச நீதிமன்றம் 2025இல் தவறைப் பங்கு பிரித்தது: கார் 50 சதவீதம், பஸ் 30 சதவீதம், மாணவர் 20 சதவீதம். முன்வண்டியோடு போதிய இடைவெளி விடவில்லை, லைசென்ஸும் இல்லை என்பதற்காக அந்த 20. அவர் புகுந்து போனவர்கூட இல்லை, பின்னால் போனவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கோட்டின் மேல் போனவருக்கு எத்தனை சதவீதம் எழுதுவார்கள் என்பதை உங்கள் வக்கீலிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மரியாதை. கார்க் கண்ணாடியை இடித்து மடக்கிவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. இடது கையை லேசாக உயர்த்துங்கள். மன்னிப்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம், போய்ட்டு வா என்றும் எடுத்துக்கொள்ளலாம். ‘வூட்ல சொல்லிட்டு வந்தியா?’ என்று பின்னாலிருந்து குரல் வந்தால் அது நலம் விசாரிப்பு அல்ல. முறுக்கிக்கொண்டு கிளம்பி, நாலு பஸ், ஏழு கார் தாண்டி அடுத்த சிக்னலில் முதல் ஆளாக, ஜீப்ரா கோட்டின் மேலேயே போய் நில்லுங்கள். சிவப்பு விழுந்து ஒரு நிமிஷத்தில் அதே கார் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும், ஜன்னல் இறங்கும். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைச் சட்டென்று இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று அரசாங்கம் சும்மாவா சொல்கிறது?