சீதனமாகப் போன முத்து

கேள்வி: ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால மாளிகைகளுக்கும் எங்கள் ஊருக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா? (வாசகர், கொற்கை)

பதில்: சம்பந்தி உறவே உண்டு, சீதனம் முத்து! வெனிஸ்காரர் மார்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொற்கையை ஒட்டிய காயல் துறைமுகத்தையும் உங்கள் ஊர்க் கடலின் முத்துக்குளிப்பையும் வியந்து சொல்லிவிட்டார். இத்தாலியச் சீமாட்டிகளுக்கோ முத்து என்றால் உயிர்.

நீங்கள் கேட்ட மாளிகைகளுக்கு முன்னோடி, ஃபிளாரன்ஸில் மெடிசி குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் மிக்கெலொசோ 1444-இல் கட்டத் தொடங்கிய வீடு. இன்னொரு கட்டடக் கலைஞரான புரூனெல்லெஸ்கி முதலில் தந்த வரைபடம் ஊர்க்கண்ணை உறுத்தும் என்று குடும்பத் தலைவர் கோசிமோ தள்ளிவிட்டதாகக் கலைஞர்களின் வரலாறு எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். கீழ்த்தளத்தில் கரடுமுரடான பெருங்கல், நடுத்தளத்தில் சீராகக் கொத்திய கல், மேல்தளத்தில் வழுவழுப்பு. உள்ளே நுழைந்தால் தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றம். நம்மூர் தொட்டிக்கட்டு வீட்டின் அதே புத்தி!

இங்கே கடல் பின்வாங்க, கொற்கையின் வாணிகம் பழையகாயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் இடம் மாறியது. அங்கே இன்றும் நிற்கும் பனிமய மாதா கோயில், ஐரோப்பியக் கட்டடக் கலையும் பரதவர் பக்தியும் கைகோத்ததற்குச் சாட்சி. ஃபிளாரன்ஸுக்கு விமானம் ஏறும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். பஸ் கட்டணம்தான் செலவு.