அரை ஷிப்ட் பொருளியல்

ஒரு காலாண்டில் நாட்டுக்குள் உருவான பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டிச் சொல்லும் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கை, அக்காலாண்டு முடிந்து ஏறத்தாழ 2 மாதங்கள் கழித்தே மத்திய அரசு வெளியிடுகிறது. திருப்பூரில் அவ்வளவு பொறுமை எவருக்கும் இல்லை. அங்குள்ள பனியன் கம்பெனிகளில் 8 மணி நேர வேலை ஒரு ஷிப்ட் என்றும், அது இரவு வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட் என்றும் கணக்கிட்டுச் சனிக்கிழமைதோறும் சம்பளம் தருவது வழக்கமாதலால், அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியதன் பொருளை விளக்க அங்கே வல்லுநர் குழு எதுவும் தேவைப்படவில்லை. ஆர்டர் குறைந்தால் முதலில் மறைவது அந்த அரை ஷிப்ட்தான். அது மறைந்தால் மாலையில் டீக்கடை வடை மிஞ்சுகிறது, மளிகைக்கடை நோட்டில் பழைய பாக்கியின் மேல் புதுப் பாக்கி ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமைக் கறி ஒரு கிலோவிலிருந்து அரைக் கிலோவாகி, பிறகு முட்டையாகிறது. நிர்வாகமோ நெருக்கடி என்ற சொல்லைத் தவிர்த்து, "மெஷின் சர்வீஸ், திங்கட்கிழமை வந்தால் போதும்" என்று சூப்பர்வைசர் வழியாக நாகரிகமாகத் தெரிவிக்கிறது. உற்பத்தி தொடர்ந்து 2 காலாண்டுகள் சுருங்குவதே மந்தநிலை என்பது பொருளியலில் பரவலாக வழங்கும் வரையறை. தையல்காரருக்குத் தொடர்ந்து 2 சனிக்கிழமைகள் போதும். டீக்கடைக்காரரிடம் நிலவரம் கேட்க எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை, கேட்பவர்தாம் இல்லை.