தூங்கியே வாங்கிய சாதனை

செயற்கைக்கோள் மேலே போய்க் கெட்டுப்போனால் ஸ்பானரோடு பின்னால் போக ஆள் கிடையாது. அதனால் பொறியாளர்கள் மாற்றுவழி யோசித்தார்கள். பகலெல்லாம் வெயிலில் பேட்டரியை நிரப்பி, ராத்திரி அதைச் செலவழித்து, மேகத்துக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும் ஆளில்லா விமானம். எல்லாரும் தலையாட்டினார்கள். காற்றை மட்டும் யாரும் கலந்துகொள்ளவில்லை.

நாசாவின் ஹீலியோஸ் 2001-இல் 29.5 கி.மீ. உயரம் ஏறியது. ஜம்போ ஜெட்டைவிட அகலமான அந்த இறக்கையை 2003-இல் ஹவாய்க்கு அருகே காற்று வளைத்து ஒடித்துப் பசிபிக்கில் போட்டது. அமெரிக்க ராணுவ ஆய்வு முகமை டார்ப்பா அசருமா? 5 வருஷம் இறங்கவே கூடாது என்றது. போயிங் 120 மீட்டர் இறக்கையோடு படம் போட்டுக் கொடுத்தது. 2012-இல் திட்டம் ரத்து. ஒருநாளும் ஏறாத விமானம் இறங்காமல் இருந்ததில் வியப்பில்லை.

பிறகு ஃபேஸ்புக் வந்தது, வானத்திலிருந்து இணையம் பொழிய. 2016 ஜூனில் அதன் அக்விலா விமானம் 96 நிமிடம் பறந்து, இறங்கும் நேரத்தில் இறக்கை ஒடிந்தது. சரி, செயற்கைக்கோளே மேல் என்று பார்த்தால், அவர்கள் வாடகைக்குப் பேசிவைத்திருந்த ஆமோஸ்-6 செப்டம்பரில் ராக்கெட்டோடு ஏவுதளத்திலேயே வெடித்தது. இரண்டு தெய்வத்துக்கும் நேர்ந்துகொண்டு இரண்டிடமும் வாங்கிக்கட்டிக்கொண்ட பக்தர் வேறு யார்?

கடைசியில் உருப்படியாகப் பறந்தது 75 கிலோ எடையுள்ள ஸெஃபைர் என்ற ஆளில்லா விமானம்தான். 2022-இல் அரிசோனாவிலிருந்து கிளம்பி 64 நாள் 18 மணி நேரம் தாக்குப்பிடித்து, பாலைவனத்தில் விழுந்தது. விமானம் எதுவும் அதுவரை பறந்த அதிகபட்ச நேரத்தைத் தொட இன்னும் 4 மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

அந்தச் சாதனை யாருடையது? லாஸ் வேகாஸ் ஹசியெண்டா ஹோட்டலில் சூதாட்ட எந்திரம் பழுதுபார்த்த ராபர்ட் டிம், அவரோடு ஜான் குக். ஹோட்டல் விளம்பரத்துக்காக 1958 டிசம்பரில் ஒரு செஸ்னா 172-இல் ஏறியவர்கள், 1959 பிப்ரவரியில்தான் இறங்கினார்கள். சோலார் தகடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சாலையில் லாரி ஓடும், தலைக்குமேல் விமானம் தாழப் பறக்கும், குழாயை மேலே இழுத்துப் பெட்ரோல் நிரப்பிக்கொள்வார்கள். சாப்பாடும் அப்படியே. 64 நாள் 22 மணி நேரம்!

2025-இல் ஸெஃபைர் 67 நாள் பறந்து ஒருவழியாக அவர்களை முந்தியது. ஆனால் டிம் ஒருநாள் அசந்து தூங்கிவிட, ஆட்டோ பைலட் ஒரு மணி நேரத்துக்கு மேல் தானே ஓட்டியிருக்கிறது. அதை ஆளில்லா விமானக் கணக்கில் சேர்க்கலாமா என்று டார்ப்பாதான் சொல்ல வேண்டும்.