ஐயாமாருக்கும் அரைப்பேர்

கட்டைவிரலை இயந்திரத்தில் வைப்பது மானக்கேடு என்பதை இலங்கை அரச உத்தியோகம் 2025 ஆகஸ்டில் கண்டுபிடித்தது. அந்த மாதம் 17ஆம் திகதி தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கோரிக்கைகள் 19. அவற்றில் நியாயமானவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முன்வரிசையில் நின்றவை இரண்டு: வரவுப் பதிவுக்குக் கைரேகை இயந்திரம் வேண்டாம், மேலதிக நேரக் கொடுப்பனவில் கைவைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து வாசித்தால் பொருள் இதுதான்: எங்கள் விரலைக் கேட்காதீர்கள், ஆனால் அந்த விரல் சாயந்தரத்துக்குப் பிறகும் வேலை செய்தது என்று நம்பிக் காசைக் கொடுங்கள்.

ஒரு வாரம் கழித்து வேலைநிறுத்தம் முடிந்தது. அதுவரை நாடு கடிதம் இல்லாமல் தவித்ததாம். சிவனொளிபாத மலையடிவாரத்தில், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில், அந்த வாரத்துக்கும் மற்ற வாரங்களுக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. லயத்துக் காம்பராவுக்கு முகவரி ஏது? கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், மேசையில் கிடக்கும், யாராவது மனம் வைத்தால் வீடு வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த பிள்ளைகள் மலையகத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதற்காக எந்தச் சங்கமும் ஒரு வாரம் வேலையை நிறுத்தியதாக நினைவில்லை.

விரல் வைப்பதில் எங்கள் தோட்டத்துச் சனத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் அனுபவம். அரிசிக்குக் கைநாட்டு, அட்வான்சுக்குக் கைநாட்டு, வாசிக்கத் தெரியாத ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு. 1901இல் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகர வில்லையைக் கொடுத்துத்தான் ஆட்களைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். டின் டிக்கட் என்று அதற்குப் பெயர். கடனைத் தலையில் கட்டி அடுத்த தோட்டத்துக்குக் கைமாற்ற உதவிய ‘துண்டு’ 1921இல்தான் ஒழிந்தது. மனிதரை எண்ணவும் கண்காணிக்கவும் வந்த ஒவ்வொரு நுட்பமும் முதலில் எங்கள் மேல்தான் பரீட்சிக்கப்பட்டது. அப்போது யாருடைய மானமும் போகவில்லை. இப்போதும் பாருங்கள், 2026 வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,750 ரூபா என்று அறிவித்தபோது, அதில் 200 ரூபாவை வரவுக்கான ஊக்கத்தொகையாக வைத்தது. கொழுந்து பறிப்பவள் வேலைக்கு வந்தாளா என்று நாடே பார்க்க வேண்டும். உத்தியோகத்தர் வந்தாரா என்று கேட்டால் அது அவமரியாதை.

தொழில்நுட்பம் வந்தால் களவு ஒழியும் என்றார்கள். டிஜிட்டல் தராசு வந்தது. கிராம் வரைக்கும் பளிச்சென்று காட்டுகிறது. அளவீட்டுத் திணைக்களம் தராசைச் சோதித்து முத்திரையும் குத்துகிறது. எல்லாம் சரி, தராசுக்கும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்கும் நடுவில் ஒரு பேனா இருக்கிறதே, அதற்கு யார் முத்திரை குத்துவது? சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றின இலைக்கு ஒரு கழிவு, மிச்சமாக நிற்கும் கிராம் எல்லாம் காற்றுக்கு. கொடுக்க வேண்டியது 18 கிலோ என்றால், அட்டைக்கடியோடு 19 கிலோ பறித்தவள் புத்தகத்தில் 17க்கு இறங்கிவிடுவாள். விழுகிறது அரைப்பேர். ஒரு நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைநாள் சம்பளம். கேட்டால், “மெஷின் பொய் சொல்லுமா?” என்கிறார் பேனா பிடித்த ஐயா. மெஷின் சொல்லவில்லை, ஐயா.

சரி, தோட்டத்தை விடுங்கள், அட்டன் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். மலைநாட்டு ரயிலில் எல்லவுக்குப் போக இணையத்தில் ஆசனம் பதியலாம் என்றார்கள். 2025 ஜனவரியில் அமைச்சரவைப் பேச்சாளர் சொன்ன கணக்கு: டிக்கட் திறந்து 42 செக்கனில் முடிந்துவிட்டது. 2,000 ரூபா டிக்கட் வெள்ளைக்காரரிடம் 16,000 ரூபாவுக்குப் போனது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இறங்கித் தேடியதில் மாட்டியவர்களில் ரயில்வே உத்தியோகத்தரும் இருந்தார். கவுண்டரில் வரிசையில் நின்ற காலத்தில் ஒரு டிக்கட்டைக் களவாக விற்கவே அரைமணி நேரம் போகும். கணினி வந்து களவின் உற்பத்தித்திறனை எவ்வளவு உயர்த்தியிருக்கிறது! தேசத்துக்கு இதைவிட டிஜிட்டல் முன்னேற்றம் வேண்டுமா?

இதில் உச்சக்கட்டத் தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது. அதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. மூன்றே சொற்கள்: “சிஸ்டம் வேலை செய்யல்ல.” நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் என்று வளைந்து வளைந்து அட்டன் வர முப்பது கிலோமீற்றருக்கு மேல். பஸ்காசு போனது, அன்றைய பேரும் போனது. பிறப்புச் சான்றிதழுக்கோ சேமலாப நிதிக்கோ வந்து நிற்கிற ஆச்சியிடம், தலையைக்கூடத் தூக்காமல், “சிஸ்டம் வேலை செய்யல்ல, நாளைக்கு வா” என்கிறார்கள். ஆச்சியின் வயதுக்கு ‘வாங்க’ என்றாவது சொல்லக்கூடாதா என்றால், அதற்கும் சிஸ்டத்தில் இடமில்லை போலும். அதே மேசையில் ஐயாவின் கைப்பேசி மட்டும் ஒரு நிமிஷமும் பழுதாகவில்லை. அதில் கிரிக்கெட் நன்றாகவே ஓடுகிறது.

உலகத்தில் நாம் தனியாக இல்லை என்பது ஆறுதல். பிரேசிலில் 2013இல் ஒரு வைத்தியர், வேலைக்கு வராத சகாக்களுக்காக சிலிக்கோனில் செய்த விரல்களை வைத்து வரவு பதிந்து பிடிபட்டார். ஆறு விரல்கள். பாவம், எவ்வளவு செலவு, எவ்வளவு உழைப்பு! இங்கே அவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை. இயந்திரமே வேண்டாம் என்று கொடி பிடித்தால் போதும்.

கீழ்மட்டத் தபால்காரரின் சம்பளம் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவரிலிருந்து தொடங்க வேண்டாம். மேலேயிருந்து தொடங்குங்கள். செயலாளர் விரல் வைக்கட்டும், பணிப்பாளர் வைக்கட்டும், தோட்டத்துத் துரை ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டுக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் வைக்கட்டும். தராசு காட்டும் எடை பேனா தொடாமல் நேராகச் சம்பளக் கணக்கில் ஏறட்டும். அந்த எடை அச்சடித்த சீட்டாக அந்தப் பெண்ணின் கைக்கும் வரட்டும். ‘சிஸ்டம்’ நின்ற நேரமெல்லாம் அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும், யார் கடமையில் இருந்தபோது நின்றது என்ற பெயரோடு.

சட்டம் புதிதாக எழுதத் தேவையில்லை. எங்கள் தோட்டத்து வழக்கத்தையே அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம், இலவசமாகத் தருகிறோம். பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போன உத்தியோகத்தர் கொடுக்க வேண்டிய கிலோவைக் கொடுக்கவில்லை. அவருக்கு அரைப்பேர். வாட்ஸ்அப்பில் கழிந்த நேரத்துக்கு ஒரு கழிவு, பொய் மேலதிக நேரத்துக்கு ஒரு கழிவு. திருப்பி அனுப்பிய ஒவ்வொரு ஆச்சிக்கும் ஒரு முழுப்பேரை அவர் சம்பளத்திலிருந்து வெட்டுங்கள். அந்தக் காசை ஆச்சியிடமே கொடுங்கள். அநியாயம் என்று அவர் கத்துவார். கத்தட்டும். நாங்கள் கத்தினபோது சொன்ன பதிலையே அவருக்கும் சொல்லுங்கள்: மெஷின் பொய் சொல்லுமா?