தங்கள் புண்ணியத்தில் கடை நன்றாக ஓடுகிறது

அனுப்புநர்:
உரிமையாளர்,
ஜெராக்ஸ் – லேமினேஷன் – ஆன்லைன் விண்ணப்பக் கடை,
தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசை.

பெறுநர்:
மாண்புமிகு அரசு இணையதளங்கள் (மாநிலம், ஒன்றியம் இரண்டும்),
சர்வர் இருக்கும் இடம்.

பொருள்: கடை நல்லபடியாக நடப்பது – நன்றி தெரிவித்தல் – தற்போதைய நிலையே நீடிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்களிடமிருந்து இதுவரை வந்த, வராமல் போன ஓ.டி.பி.கள்.

பெருமதிப்பிற்குரிய தளங்களே,

வணக்கம். எங்கப்பா இதே வரிசையில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுத்தவர். கம்ப்யூட்டர் வந்ததும், "இனிமே சனங்க வீட்டிலிருந்தே எல்லாம் முடிச்சுக்குவாங்க, உங்க பொழப்பு அவ்வளவுதான்" என்று ஆபீஸில் இருந்தவர்களே துக்கம் விசாரித்தார்கள். அவருக்கு இருந்தது ஒரு மேஜை. எனக்கு மூன்று கம்ப்யூட்டர், ஒரு கைரேகைக் கருவி, சம்பளத்துக்கு இரண்டு பையன்கள். இடைத்தரகரை ஒழிக்கிறோம் என்று தாங்கள் ஆரம்பித்த காரியத்தில் இடைத்தரகருக்கு ஏ.சி. வந்துவிட்டது. நன்றி சொல்லாவிட்டால் நான் மனுஷன் இல்லை.

முதல் நன்றி, சிவப்பு நட்சத்திரம் போட்ட அந்தக் கட்டத்துக்கு. 'கடைசிப் பெயர் – கட்டாயம்.' டெல்லியில் படிவம் வடிவமைத்தவருக்கு மனிதன் என்றால் குடும்பப் பெயரோடு பிறந்தவன். எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு பெயர், முன்னால் ஓர் இனிஷியல். போன வாரம் ஒரு பாட்டியிடம் கேட்டேன்: "பாட்டி, உங்க கடைசிப் பேரு என்ன?" பாட்டி பயந்துபோய், "இருக்கிறதே ஒரே பேருதானய்யா, இதுல முதல் எது, கடைசி எது?" என்றார். ஒரு தளத்தில் புருஷன் பெயரைப் போட்டோம், இன்னொன்றில் அப்பா பெயரை, வேறொன்றில் வெறும் புள்ளியை. இப்போது ஆதாரில் ஒரு பாட்டி, வங்கியில் ஒரு பாட்டி, பட்டாவில் 'என்கிற' சேர்த்து ஒரு பாட்டி. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க மூன்று பேரும் என் கடைக்குத்தான் வர வேண்டும்.

தங்கள் மொழிப்பற்றையும் சொல்லியாக வேண்டும். 'தமிழ்' என்றொரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். அழுத்தினால் தலைப்பு தமிழில் வரும். என்ன தப்பு நடந்தது என்பது மட்டும் ஆங்கிலத்தில் வரும். அதைப் படித்துச் சொல்ல இருபது ரூபாய் வாங்குகிறேன். போட்டோ 50 கே.பி.க்கு மேல் போனால் பெரிது என்பீர்கள், சுருக்கினால் சிறிது என்பீர்கள். அதற்குத் தனிக் கட்டணம்.

குறைதீர்ப்புப் பிரிவுக்குத் தனிக் கும்பிடு. கலெக்டர் ஆபீசில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் காகிதத்தில் கொடுத்தாலும், செல்போனில் தட்டினாலும் பாதை ஒன்றுதான். மனு மேலிருந்து தாசில்தாருக்கு இறங்கி, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு இறங்கி, யார் மேல் புகாரோ அவர் மேஜைக்கே பத்திரமாகப் போய்ச் சேரும். அவர் தன்னைத் தீர விசாரித்து, தன்மீது தவறில்லை என்று கண்டு, மனுவை முடித்து வைப்பார். நிலம் அளக்க சர்வேயர் வரவில்லை என்று மனு போட்ட ஒருவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, முடிஞ்சிருச்சுன்னு பச்சையா காட்டுதே! என்ன முடிஞ்சிருக்கு?"

"மனு முடிஞ்சிருச்சுண்ணே."

"நிலம்?"

"அதுக்கு வேற மனு போடணும்."

2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, குறைகளைத் தீர்க்கும் கெடுவை 30 நாளிலிருந்து 21 நாளாகக் குறைத்தது. மக்கள் கைதட்டினார்கள். நான் கணக்குப் போட்டேன். சீக்கிரம் மூடினால் சீக்கிரம் மறுபடி போடுவார்கள். அந்த வகையில் வியாபாரம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

அடுத்தது எனக்குக் காலணா வருமானம் இல்லாத விஷயம். ரசனைக்காகச் சொல்கிறேன். நூறு நாள் வேலையில் திருட்டுக் கணக்கைத் தடுக்க, தினம் இரண்டு வேளை ஆட்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காமல் பொம்பளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, நேரில் எடுக்காமல் ஏற்கெனவே எடுத்த படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. மருந்து என்ன? ஏற்றிய படங்களையெல்லாம் ஊராட்சியில் ஓர் ஆள் உட்கார்ந்து சரிபார்ப்பது. ஆளைக் கண்காணிக்கச் செயலி, செயலியைக் கண்காணிக்க ஆள். கண்மாயில் மண் வெட்டுபவருக்கு மட்டும் யாரையும் கண்காணிக்க வழியில்லை.

இனி, மக்கள் கருத்துக் கேட்பு. சட்டம் இயற்றும் முன் வரைவை இணையத்தில் போட்டு, குறைந்தது 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. அருமையான கொள்கை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது நாடே ஊரடங்கில் கிடந்தது. வரைவு இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. ஊர்ப் பக்கத்தில் சுரங்கமோ தொழிற்சாலையோ வந்தால் முதலில் பாதிக்கப்படுகிற விவசாயி, இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொண்டு கருத்துச் சொல்லட்டும் என்று அவகாசம் கொடுத்தார்கள் போல. எட்டாம் அட்டவணை மொழிகளில் எல்லாம் பெயர்த்து வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. சுற்றுச்சூழல் அமைச்சகம் மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை, வக்கீலைத் தேடிக்கொண்டு உச்ச நீதிமன்றம் போயிற்று. அப்படியும் லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்தன.

அதனால்தானோ என்னவோ, 2025 ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளுக்குக் கருத்துக் கேட்டபோது, வருகிற கருத்துகள் எந்தக் கட்டத்திலும் யாருக்கும் வெளியிடப்படமாட்டா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாது, பெரிய கம்பெனிகள் என்ன சொல்லின என்று எனக்குத் தெரியாது. பொதுமக்களின் கருத்து, பொதுமக்களிடமிருந்து பாதுகாப்பாக இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு பயம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்கும்வரை காத்திராமல் அரசே தகவல்களைப் போட்டுவிட வேண்டும் என்று 2005இலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. ராஜஸ்தானில் 2019இல் அதை நம்பி, மனு இல்லாமலேயே ரேஷன், வேலைத் திட்டம், உதவித்தொகை விவரங்களை ஊர்வாரியாகப் பார்க்க 'ஜன் சூச்சனா' என்றொரு தளம் திறந்தார்கள். இந்தக் கெட்ட பழக்கம் இங்கே வரக் கூடாது. எந்த மனு யார் மேஜையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஊராட்சிச் சுவரில் பெயரோடு ஒட்டுவது, மனு போட்டவர் 'சரி' என்று சொன்ன பிறகே மூடுவது, கிராம சபையில் கணக்கைத் திரையில் காட்டி அங்கேயே கேள்வி கேட்கவிடுவது என்று யாராவது இளம் அதிகாரி யோசனையோடு வந்தால், அவரைப் பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கள். பையன்கள் இருவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஏ.சி.க்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பி.

பின்குறிப்பு: இதைத் தங்கள் தளத்திலேயே போடப் பார்த்தேன். துறையைத் தேர்வு செய்யச் சொன்னது. பட்டியலில் நன்றிக்கென்று ஒரு துறை இல்லாததால், புகார் என்று பதிவு செய்து 'பிற'வில் போட்டிருக்கிறேன். தக்க நடவடிக்கை எடுத்து முடித்து வைப்பீர்கள் என்று தெரியும்.